மீட்டர் பிரிட்ஜ்ல கேப் மாத்திப் போட்டா வேற வேல்யூ வருது, எதை எழுதறது?

பிளஸ்டூ_தேனி:

வணக்கம் எல்லாருக்கும். நான் பிளஸ் டூ படிக்கிறேன். பிசிக்ஸ் பிராக்டிக்கல்ல மீட்டர் பிரிட்ஜ் (ஒரு மீட்டர் கம்பியும், ரெண்டு ரெசிஸ்டன்ஸை மாட்ட இடது வலதுன்னு ரெண்டு கேப்பும் இருக்கிற பலகை) வச்சு ஒரு கம்பிச் சுருளோட ரெசிஸ்டன்ஸ் கண்டுபிடிச்சு அதுல இருந்து மின்தடை எண் எடுக்கணும். கனெக்‌ஷன் சரியாத்தான் இருக்கு, ஜாக்கியை (கம்பியைத் தொட்டுப் பார்க்கிற முனை) ரெண்டு முனையில வச்சா கால்வனாமீட்டர் (சின்ன கரண்ட்டைக் காட்டுற மீட்டர்) முள்ளு எதிர் எதிர் பக்கம் போகுது, நடுவுல சைபரும், அதாவது பேலன்ஸும் கிடைக்குது. ஆனா வர்ற வேல்யூதான் குழப்பமா இருக்கு.

சுருள் இடது கேப்ல, ரெசிஸ்டன்ஸ் பாக்ஸ் (வேணும்கிற ஓமை எடுத்துக்கிற பெட்டி) வலது கேப்ல இருக்கும்போது பாக்ஸ்ல 1 ஓம் எடுத்தா 68.6 செ.மீ.ல பேலன்ஸ் ஆச்சு, 2 ஓமுக்கு 51.4, 3 ஓமுக்கு 41.0. அப்புறம் ரெண்டையும் இடம் மாத்திட்டேன், இப்ப 1 ஓமுக்கு 34.1, 2 ஓமுக்கு அதே 51.4, 3 ஓமுக்கு 61.7. எல்லாமே இடது முனையில இருந்து அளந்தது. ரெண்டு கேப் ரெசிஸ்டன்ஸோட விகிதமும் ரெண்டு பக்கக் கம்பி நீளத்தோட விகிதமும் சமம்னு வச்சுக் கணக்கு போட்டா முதல் தடவை 2.18, 2.12, 2.08ன்னு வருது, மாத்திப் போட்டப்புறம் 1.93, 1.89, 1.86ன்னு வருது. ஒரே சுருள்தானே, எப்படி ரெண்டு விதமா வரும்? ஃபிரண்ட் ஆறையும் கூட்டி ஆவரேஜ் 2.01ன்னு எழுதிடுங்கிறா. எனக்கு அப்படி எழுத மனசே வரல, ஏன்னா ஏதோ ஒண்ணு தப்பா இருந்துதானே இப்படி வருது.

இதுக்கு நடுவுல லேப்ல இருந்த மல்டிமீட்டரை சுருள்ல வச்சுப் பார்த்தேன், அது 2.4 காட்டுது. அப்ப எது உண்மை? மல்டிமீட்டர் ஒரு செகண்ட்ல காட்டுறதை நாம எதுக்கு ஒரு மீட்டர் கம்பியில தடவித் தடவித் தேடறோம்னும் யாராவது சொல்லுங்க, நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்கறேன்.

---

லேப்_வாத்தியார்:

ரீடிங் எல்லாத்தையும் அப்படியே போட்டியே, அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரிம்மா. உன் ஆறு ரீடிங்ல பதிலை ஒளிச்சு வச்சிருக்கிறது 2 ஓம் ரீடிங்தான். இடம் மாத்துறதுக்கு முன்னாடியும் 51.4, மாத்தினப்புறமும் 51.4. ரெண்டு பொருளை இடம் மாத்தியும் பேலன்ஸ் பாயின்ட் துளி கூட நகரலைன்னா ரெண்டும் சமம்னு அர்த்தம். ஆக உன் சுருள் 2 ஓம். இதுக்கு நீளமும் வேண்டாம், ஃபார்முலாவும் வேண்டாம், கம்பி முழுக்க ஒரே தடிமனா இருக்கான்னு கூட கவலைப்பட வேண்டாம். இந்த ஒரு ரீடிங்கை நம்புற அளவுக்கு நான் மத்த அஞ்சையும் நம்ப மாட்டேன்.

சரி, ரெண்டும் சமம்னா பேலன்ஸ் 50ல வந்திருக்கணுமே, ஏன் 51.4ல வந்துச்சு? இடது பக்கம் 51.4 செ.மீ. கம்பி, வலது பக்கம் 48.6 செ.மீ. கம்பி, ஆனா ரெண்டுக்கும் ரெசிஸ்டன்ஸ் சமமா இருக்குன்னு பிரிட்ஜ் சொல்லுது. அப்ப வலது முனையில கம்பி இல்லாமலே 2.8 செ.மீ. கம்பிக்கு ஈடான ரெசிஸ்டன்ஸ் கூடுதலா எங்கயோ உக்காந்திருக்கு. இதைத்தான் எண்ட் கரெக்‌ஷன்னு புக்குல ஒரே வரியில சொல்லிட்டுப் போயிடுவாங்க. நல்ல பிரிட்ஜ்லயும் அரை செ.மீ.க்குள்ள ஏதாவது இருக்கும், கம்பியைப் பத்தவச்ச இடம், காப்பர் பட்டை, ஸ்கேலோட சைபர் கம்பி தொடங்கற இடத்துல சரியா நிக்காததுன்னு காரணம் நிறைய. ஆனா 2.8 ரொம்ப அதிகம். வலது ஓரத்துல கம்பியைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ லூசா இருக்கும், இல்லைன்னா பித்தளையும் காப்பரும் சேர்ற இடத்துல களிம்பு பிடிச்சிருக்கும். உன் கம்பி மொத்தமே ரெண்டு ஓம் இருக்கும்னு வச்சுக்கிட்டா 2.8 செ.மீ.ங்கிறது ஒரு ஓம்ல நூத்துக்கு ஆறு பங்கு கூட இல்ல, ஒரு லூஸ் ஸ்க்ரூ தாராளமா அவ்வளவு குடுக்கும்.

இப்ப உன் 1 ஓம் ரீடிங் ரெண்டையும் எடு. சுருள் 2, பாக்ஸ் 1, விகிதம் ரெண்டுக்கு ஒண்ணு. 68.6ல இருந்து 34.1 போனா 34.5, அதை மூணால பெருக்கினா 103.5. உன் கம்பி நூறு செ.மீ. இல்ல, 103.5 செ.மீ. மாதிரி நடந்துக்குது. இடது முனையில எவ்வளவு? 68.6ல இருந்து 34.1ஐ ரெண்டு தடவை கழிச்சா 0.4. மீதி 3.1 வலது முனையில. இந்த ரெண்டையும் சேர்த்து 3 ஓம் ரீடிங்கைப் போட்டுப் பாரு. 41.0ஓட 0.4 சேர்த்தா 41.4, அந்தப் பக்கம் 59.0ஓட 3.1 சேர்த்தா 62.1, வகுத்து மூணால பெருக்கு, 2.00 வரும். மாத்திப் போட்ட 61.7க்கும் செஞ்சு பாரு, அதுவும் 2.00தான். உன் கை ரொம்ப சுத்தம், ரீடிங் எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமா எடுத்திருக்கே. கோளாறு பலகையிலதான்.

உன் ஃபிரண்ட் சொல்ற ஆவரேஜ் இங்க 2.01 வந்து காப்பாத்திடுச்சு, ஆனா அதை நம்பாத. ஜோடி ஜோடியா ஆவரேஜ் எடுத்துப் பாரு, 1 ஓமுக்கு 2.06, 2 ஓமுக்கு 2.00, 3 ஓமுக்கு 1.97ன்னு வழுக்கிட்டே இறங்கும். பேலன்ஸ் நடுவுல இருக்கிற வரைக்கும்தான் இடம் மாத்தி ஆவரேஜ் எடுத்தா இந்த ஓரத் தப்பு அடிபட்டுப் போகும், நடுவை விட்டு விலக விலக மிச்சம் நிக்கும்.

நடுவுலயே பேலன்ஸ் வர மாதிரி பாக்ஸ்ல எடுங்கன்னு நாங்க தொண்டை வத்தக் கத்துறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஜாக்கி வைக்கிற இடத்துல ஒரு மில்லிமீட்டர் தப்புன்னா, பேலன்ஸ் 50ல இருந்தா விடையில 0.4 சதவீதம்தான் தப்பு வரும். அதே ஒரு மில்லிமீட்டர் பேலன்ஸ் 10 செ.மீ.ல இருக்கும்போது 1.1 சதவீதம், 5 செ.மீ.ல இருக்கும்போது 2.1 சதவீதம். தப்பு அதே தப்பு, இடம் மாறினதால அஞ்சு மடங்கு ஆயிடுது.

அப்புறம் மல்டிமீட்டர். அதோட ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் பிடிச்சு என்ன காட்டுதுன்னு பாரு. 0.3, 0.4ன்னு ஏதாவது காட்டும். அது அந்த ஒயர், பின்னு, உள்ள இருக்கிற சுவிட்ச் இதோட ரெசிஸ்டன்ஸ். 2.4ல இருந்து அதைக் கழிச்சுக்கோ. கழிச்சாலும் 200 ஓம் ரேஞ்ச்ல அது 0.1 ஓம் வரைக்கும்தான் காட்டும், கடைசி இலக்கம் ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன ஆடும், அப்ப ரெண்டு ஓம்ல அஞ்சு பத்து சதவீதம் அங்கயே போச்சு. நூறு ஓம், ஆயிரம் ஓமுக்கு மல்டிமீட்டர் தாராளமா எடு, ரெண்டு ஓமுக்கு எடுக்காத.

---

ரீவைண்டிங்_கோவை:

சார் சொன்னது அத்தனையும் சரிங்க. நான் படிச்சது ஐடிஐதான், மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில இருக்கிறதால இந்தச் சமாச்சாரம் தினமும் கையில வர்றது, அதனால ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்றேன் கண்ணு.

பம்பு மோட்டார் சுத்தி முடிச்சதும் மூணு பேஸும் (உள்ள இருக்கிற மூணு தனித்தனி கம்பிச் சுத்து) சமமா இருக்குதான்னு பாக்காம நாங்க வார்னிஷுக்கு விட மாட்டோம். அங்க எங்களுக்கு 2 ஓமா 2.1 ஓமாங்கிறது கூட அவ்வளவு முக்கியமில்லைங்க, மூணும் ஒண்ணுபோல இருக்கோணும். ஒண்ணு மட்டும் கொஞ்சம் கம்மியா இருந்தா சுத்து குறைஞ்சு போயிருக்கு, இல்லைன்னா உள்ளயே சுத்துக்குச் சுத்து ஷார்ட் ஆயிருக்கு. கூட இருந்தா ஜாயிண்ட் சரியா பத்தலை. இந்தக் கொஞ்சம்ங்கிறது மல்டிமீட்டர்ல தெரியவே தெரியாது. சின்ன மோட்டார்னா வீட்ஸ்டோன் பிரிட்ஜ் (உங்க மீட்டர் பிரிட்ஜும் இதே வகைதான்) போதும், ஐம்பது நூறு ஹெச்பின்னு போனா பேஸ் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமுக்கு ரொம்பக் கீழ போயிரும், அதுக்கு கெல்வின் டபுள் பிரிட்ஜ்தான். ஏன்னா அங்க நாம மாட்டுற கிளிப்போட ரெசிஸ்டன்ஸே சுத்தோட ரெசிஸ்டன்ஸ் அளவுக்கு இருக்கும், கரண்ட்டுக்குத் தனி ஒயர், அளக்கறதுக்குத் தனி ஒயர்னு நாலு ஒயர் போட்டு அந்தக் கிளிப்பை கணக்குல இருந்தே வெளிய தள்ளிர்றது.

டெர்மினல்ல அளக்கறப்ப வர்றது ஒரு பேஸோட ரெசிஸ்டன்ஸ் கிடையாதுங்க. ஸ்டார்ல (மூணு பேஸோட ஒரு முனையை ஒண்ணாச் சேர்த்துக் கட்டினது) இருந்தா ரெண்டு பேஸ் சீரியஸ்ல வரும், பாதி எடுக்கோணும். டெல்டாவுல (முனைக்கு முனை முக்கோணமாக் கட்டினது) இருந்தா வர்ற ரீடிங்கை ஒண்ணரையால பெருக்கோணும். அப்புறம் சூடு. ஓடி நிறுத்தின மோட்டாரை உடனே அளந்தா வேல்யூ கூடத்தான் இருக்கும். காப்பர் ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும், 30 டிகிரியில 2.00 ஓம் இருந்த சுத்து 70 டிகிரியில 2.30 ஆயிரும். இதையே திருப்பிப் போட்டுத்தான் ஓடுற மோட்டார் உள்ள எவ்வளவு சூடாகுதுன்னு கண்டுபிடிக்கிறது. உங்க சுருள் காப்பரா இருந்தா அதுக்கும் இது பொருந்தும், கீயை அழுத்தியே வச்சுட்டு நிதானமா பாயின்ட் தேடாதீங்க. அளக்கற நேரத்துக்கு மட்டும் கீ போடுங்க, எடுத்ததும் விடுங்க.

கீ அழுத்தறதுல ஒரு வரிசை இருக்குதுங்க. பேட்டரி கீ முதல்ல, அப்புறம்தான் கால்வனாமீட்டர் பக்கம். எடுக்கறப்ப கால்வனாமீட்டரை முதல்ல எடுத்துட்டு அப்புறம் பேட்டரி. சுருள்னா அதுல இண்டக்டன்ஸ் இருக்கும், கரண்ட்டு ஏறி நிலைக்கறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதுக்கு முன்னாடி கால்வனாமீட்டரைத் தொட்டா முள்ளு சும்மா ஒரு உதறு உதறும், பேலன்ஸ் இல்லைன்னு நினைச்சுக்குவீங்க. வரிசை மாத்தி பேட்டரியை முதல்ல எடுத்தா இன்னும் மோசம், பெரிய மோட்டார் சுத்துல அந்த உதறுல முள்ளே வளைஞ்சு போயிரும்.

---

எலக்ட்ரானிக்ஸ்_ஹாபி:

எல்லாம் சரிதான், ஆனா நெஜமா சொல்லணும்னா இன்னைக்கு தேதிக்கு மீட்டர் பிரிட்ஜ் எக்ஸாமுக்கு மட்டும்தான். நானும் ரெண்டு ஓம், அரை ஓம்லாம் அளக்கறேன், ஒரு நிலையான கரண்ட் 100 மில்லி ஆம்ப் விட்டு சுருள் மேல நேரா வோல்ட்டேஜ் அளந்தா 200 மில்லி வோல்ட் காட்டும், வகுத்தா 2 ஓம். நாலு ஒயர் முறைதான், ஒயர் ரெசிஸ்டன்ஸும் வராது, கால்வனாமீட்டரும் வேண்டாம், ஜாக்கியும் வேண்டாம். இப்ப வர்ற சில பெஞ்ச் மீட்டர் உள்ளயே அதைச் செஞ்சு மைக்ரோ ஓம் வரைக்கும் காட்டுது. 1843ல வீட்ஸ்டோன் காலத்துல நல்ல வோல்ட் மீட்டர் இல்ல, அதனால பிரிட்ஜ் தேவைப்பட்டுச்சு. இப்ப அந்தத் தேவை முடிஞ்சு போச்சுன்னுதான் நான் நினைக்கிறேன். தங்கச்சி கேட்ட கேள்விக்கு என்னோட பதில் இதுதான், சிலபஸ்ல இருக்கு, செய்யணும்.

---

கேபிள்_ஃபால்ட்:

ஹாபி தம்பி, நாலு ஒயர் முறை நல்ல முறை, அதுல சண்டையே இல்ல. ஆனா தேவை முடிஞ்சு போச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அதை ஒத்துக்க முடியாது. உங்க முறையில விடை எதை நம்பி நிக்குது? 100 மில்லி ஆம்ப் சரியா 100தானா, 200 மில்லி வோல்ட் காட்டுற மீட்டர் சரியாத்தான் காட்டுதான்னு ரெண்டு விஷயத்தை நம்பி நிக்குது. ஒண்ணுல ஒரு சதவீதம் தப்புன்னா விடையிலயும் ஒரு சதவீதம் தப்பு. பிரிட்ஜ் அப்படி இல்ல, அது தராசு மாதிரி, இந்தத் தட்டுல இருக்கிறதும் அந்தத் தட்டுல இருக்கிறதும் சரியா இருக்கான்னு மட்டும்தான் கேக்குது. பேட்டரி 1.5 வோல்ட்டா 1.3 வோல்ட்டான்னு அதுக்குக் கவலை இல்ல. கால்வனாமீட்டர் ஒரு கோட்டுக்கு எத்தனை மைக்ரோ ஆம்ப்னு கூடத் தெரிய வேண்டாம், சைபரை சைபர்னு காட்டினா போதும்.

நான் பூமிக்கடியில போற கேபிள்ல ஃபால்ட் தேடற வேலை பார்க்கிறேன். நெஜமா நடக்கிற ஒரு கேஸைச் சொல்றேன், பிரிட்ஜ் எதுக்குன்னு அதுல புரியும். 500 மீட்டர் கேபிள், உள்ள ஒரு கோர் (உறை போட்ட கம்பி) எங்கயோ தோல் உரிஞ்சு மண்ணோட ஒட்டிக்கிச்சு. எங்கன்னு தெரியாம 500 மீட்டரும் ரோட்டைத் தோண்ட முடியாது. மல்டிமீட்டரை கோருக்கும் எர்த்துக்கும் நடுவுல வச்சா ஏதோ சில ஆயிரம் ஓம் காட்டும், அந்த ஆயிரம் ஓம் முழுக்க ஒட்டின இடத்துல இருக்கிற ஈர மண்ணோட ரெசிஸ்டன்ஸ், கேபிள் கம்பியோடது அதுல ஒரு தூசு கூட இல்ல. மழை பெய்ஞ்சா அதுவும் மாறும். உங்க நாலு ஒயரை நேரா அந்த கோர் மேல போட்டாலும் தூரம் வராது.

சப்ளையைக் கழட்டி ரெண்டு முனையையும் பிரிச்சுட்டு, தூர முனையில நல்ல கோர் ஒண்ணையும் கெட்ட கோரையும் தடியான ஒயரால சேர்த்துக் கட்டிருவோம். இப்ப இந்தப் பக்கம் இருந்து பார்த்தா 1000 மீட்டர் லூப். இந்த முனையில ரெண்டு கோரையும் பிரிட்ஜோட ரெண்டு கையில (பிரிட்ஜ்ல இருக்கிற நாலு ரெசிஸ்டன்ஸ் பக்கத்துல ஒவ்வொண்ணும் ஒரு கை) மாட்டி, கால்வனாமீட்டரை அந்த ரெண்டு கோருக்கும் குறுக்க போட்டு, பேட்டரியோட ஒரு பக்கம் பிரிட்ஜுக்கும் இன்னொரு பக்கம் எர்த்துக்கும் குடுப்போம். முர்ரே லூப் டெஸ்ட்னு இதுக்குப் பேரு. பேலன்ஸ் ஆகும்போது கெட்ட கோர் பக்கத்துக் கைக்கும் மொத்தத்துக்கும் உள்ள விகிதம்தான் ஃபால்ட்டு தூரத்துக்கும் 1000 மீட்டருக்கும் உள்ள விகிதம். பாப்பாவோட மீட்டர் பிரிட்ஜ் கம்பியையே அந்த ரெண்டு கையா வைக்கலாம், கெட்ட கோர் மாட்டின முனையில இருந்து 25 செ.மீ.ல பேலன்ஸ் வந்தா ஃபால்ட் 250 மீட்டர்ல இருக்கு, கணக்கே வேண்டாம், ரெண்டு கோரும் ஒரே தடிமன்னா போதும்.

இதுல அந்த ஈர மண்ணு எங்க போச்சு? அது பேட்டரியோட சீரியஸ்ல போய் உக்காந்துகிச்சு, பிரிட்ஜோட நாலு கையில ஒண்ணுலயும் அது இல்ல. அது ஆயிரம் ஓமா இருந்தாலும் அஞ்சாயிரமா இருந்தாலும் பேலன்ஸ் பாயின்ட் மாறாது, முள்ளு கொஞ்சம் மந்தமா ஆடும் அவ்வளவுதான். ரொம்பப் பெரிசா லட்சக்கணக்குல போனா மட்டும் பேட்டரி வோல்ட்டேஜைக் கூட்டணும். எதை அளக்க முடியாதோ அதை அளக்கவே தேவையில்லாத இடத்துல தள்ளி வைக்கிறதுதான் பிரிட்ஜோட பெரிய வித்தை, எனக்கு இதை முதல்ல ஒரு சீனியர் படம் போட்டுக் காட்டினப்ப அப்படி ஒரு சந்தோஷம்.

இன்னொண்ணு, மளிகைக் கடையில இருக்கிற எலக்ட்ரானிக் தராசைத் திறந்து பாருங்க. உள்ள லோட் செல்னு அலுமினியக் கட்டை ஒண்ணு இருக்கும், அது மேல ஒட்டியிருக்கிற ஸ்ட்ரெயின் கேஜ் (கட்டை வளைஞ்சா ரெசிஸ்டன்ஸ் மாறுற மெல்லிய பட்டை) நாலும் சேர்ந்து வீட்ஸ்டோன் பிரிட்ஜ்தான். முழு எடை வச்சாலும் 5 வோல்ட் குடுத்தா 10 மில்லி வோல்ட் போலத்தான் வெளிய வரும், ரெசிஸ்டன்ஸ் மாறுறது ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்கு. அந்தத் துளி மாற்றத்தை மட்டும் தனியாப் பிரிச்சு எடுக்கிறதுக்குத்தான் பிரிட்ஜ். வெயில்ல கட்டை சூடானாலும் நாலு கேஜும் சேர்ந்து ஏறும், பேலன்ஸ் கலையாது. முடிஞ்சு போனதுன்னு சொல்ற பிரிட்ஜ் இப்ப தெருவுக்குத் தெரு இருக்கு.

---

எலக்ட்ரானிக்ஸ்_ஹாபி:

லூப் டெஸ்ட் விஷயம் எனக்குப் புதுசு அண்ணே, பேட்டரி கையில ஃபால்ட்டைத் தள்ளி விடறது செம ஐடியா. லோட் செல் நானே வாங்கி வச்சிருக்கேன், நாலு ஒயர் வருதேன்னு பார்த்திருக்கேன், நம்ம மீட்டர் பிரிட்ஜும் அதுவும் ஒண்ணுன்னு சேர்த்து யோசிச்சதில்ல. சாதாரணமா ஒரு ரெசிஸ்டர் வேல்யூ தெரியணும்னா நாலு ஒயர்தான் சுலபம்ங்கிறதுல மட்டும் நான் இன்னும் மாறல.

---

லேப்_வாத்தியார்:

அதுல தப்பில்ல தம்பி, அந்த வேலைக்கு அதுதான் சுலபம். 1843னு சொன்னீங்களே, அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 1833லயே சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டிங்கிறவர் இந்தச் சர்க்யூட்டை எழுதி வெளியிட்டுட்டார். யாரும் கவனிக்கல. வீட்ஸ்டோன் ராயல் சொசைட்டியில இதை எடுத்துச் சொன்னப்ப கிறிஸ்டி செஞ்சதுன்னு தெளிவாவே சொல்லியிருக்கார், ஆனாலும் பேரு வீட்ஸ்டோனுக்கே போயிடுச்சு. கிளாஸ்ல நான் எப்பவும் கிறிஸ்டி பேரையும் சேர்த்துத்தான் சொல்றது, பசங்க அதையும் தெரிஞ்சுக்கணும்.

---

பிளஸ்டூ_தேனி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. சார் சொன்ன மாதிரி வலது ஓரத்துல பார்த்தேன், கம்பியைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ கையாலயே சுத்துச்சு, அடியில பச்சையா களிம்பு. லேப் அண்ணா உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு ஸ்க்ரூவை இறுக்கிக் குடுத்தாங்க. இப்ப சுருள் இடது பக்கம் இருக்கும்போது 1 ஓமுக்கு 66.8, 2 ஓமுக்கு 50.1, 3 ஓமுக்கு 40.0. மாத்திப் போட்டா 33.3, 50.1, 60.1. எல்லாமே 2.01, 2.00, 1.99ன்னு கிட்டக் கிட்ட வந்துடுச்சு. மல்டிமீட்டர் முனையைச் சேர்த்துப் பிடிச்சா 0.4 காட்டுச்சு, கழிச்சா 2.0.

இன்னும் ரெண்டு கேள்வி. பக்கத்து டேபிள்ல என் ஃபிரண்டுக்கு முள்ளு ஒரே பக்கம்தான் போகுது, ஜாக்கியை எங்க வச்சாலும் அதே பக்கம், அவ எல்லா கனெக்‌ஷனையும் கழட்டிக் கழட்டி மாட்டிட்டு இருக்கா. அதுக்கு ஏதாவது வழி இருக்கா? அப்புறம் சுருளோட கம்பி நீளம் 80 செ.மீ., ஸ்க்ரூ கேஜ்ல விட்டம் 0.50 மி.மீ., மின்தடை எண் 4.9 × 10⁻⁷ ஓம் மீட்டர்னு வருது. இது சரியான வேல்யூவா?

---

லேப்_வாத்தியார்:

உன் ஃபிரண்டை முதல்ல கழட்டறதை நிறுத்தச் சொல்லும்மா. முள்ளே எங்க கோளாறுன்னு சொல்லும். ஜாக்கியை இடது முனையில இருந்து வலது முனை வரைக்கும் பத்து செ.மீ.க்கு ஒரு தடவை தொட்டுத் தொட்டுப் போகச் சொல்லு, இழுக்கக் கூடாது, இழுத்தா கம்பி தேய்ஞ்சு அந்த இடம் மெலிஞ்சுடும், அப்புறம் அந்த பிரிட்ஜ்ல அடுத்து வர்ற எல்லாருக்கும் ரீடிங் கெட்டுப் போகும். இடது முனையில முள்ளு நிறைய போய், வலது பக்கம் போகப் போக குறைஞ்சு, வலது முனையில சைபர் ஆகுதுன்னா இடது கேப்ல தொடர்பு விட்டிருக்கு. ஏன்னா இடது கேப் அறுந்தா கால்வனாமீட்டர் மாட்டியிருக்கிற நடு டெர்மினல் வலது முனையோட மட்டும்தான் சேர்ந்திருக்கும், அந்த முனையில ஜாக்கி வச்சா ரெண்டு பக்கமும் ஒரே வோல்ட்டேஜ். சைபர் இடது முனையில வந்தா அப்படியே திருப்பிப் போடு, வலது கேப். பாக்ஸ் இருக்கிற கேப்னா பெரும்பாலும் பிளக் சரியா திருகி உக்காராததுதான் காரணம், சில பாக்ஸ்ல முடிவிலின்னு ஒரு பிளக் இருக்கும், அதை எடுத்து வச்சிருந்தா மொத்தமும் அறுந்த மாதிரிதான்.

முள்ளு எங்கயுமே அசையலைன்னா பேட்டரி வழியோ கால்வனாமீட்டர் வழியோ அறுந்திருக்கு, கேப்ல தேட வேண்டாம். ஒரு இடம் வரைக்கும் ஒரே அளவா இந்தப் பக்கம் நின்னுட்டு, அதைத் தாண்டினதும் சட்டுனு அந்தப் பக்கம் பாய்ஞ்சு அங்கயும் ஒரே அளவா நின்னா, அந்த இடத்துல மீட்டர் கம்பியே உள்ளுக்குள்ள அறுந்திருக்கு, பலகையை மாத்திக் கேக்கச் சொல்லு.

4.9 × 10⁻⁷ நல்ல வேல்யூ, உன் சுருள் கான்ஸ்டன்டன் (காப்பரும் நிக்கலும் கலந்த உலோகம்). ஆனா இப்ப உன் கவனம் பிரிட்ஜ்ல இருந்து ஸ்க்ரூ கேஜுக்குப் போகணும். பிரிட்ஜ்ல இவ்வளவு பாடுபட்டு அரை சதவீதத்துக்குக் கொண்டு வந்துட்டே. ஸ்க்ரூ கேஜ்ல 0.50ங்கிறது 0.51 ஆயிட்டா அதுவே ரெண்டு சதவீதம், ஃபார்முலாவுல ஆரம் வர்க்கமா வர்றதால மின்தடை எண்ல நாலு சதவீதம் ஆயிடும். ஒரே இடத்துல அளக்காம நாலஞ்சு இடத்துல, ஒவ்வொரு இடத்துலயும் குறுக்கும் நெடுக்குமா ரெண்டு திசையில அளந்து ஆவரேஜ் எடு, சைபர் பிழையை மறக்காம கழி, கம்பி மேல எனாமல் இருந்தா நுனியில சுரண்டிட்டு அளவெடு. நீளமும் ஸ்க்ரூவுக்கு அடியில மாட்டிக்கிட்ட பகுதியை விட்டுட்டு, ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல இருக்கிறதை மட்டும் எடுக்கணும்.

கான்ஸ்டன்டன்னு தெரிஞ்சதால இன்னொண்ணும் சேர்த்துக்கோ. கான்ஸ்டன்டனும் காப்பரும் சேர்ற இடத்துல சூடு வித்தியாசம் இருந்தா ஒரு டிகிரிக்கு 40 மைக்ரோ வோல்ட் போல தானாவே உருவாகும். சுருளை மாட்டும்போது விரலால அழுத்திப் பிடிச்ச டெர்மினல் சூடா இருக்கும், மாட்டினதும் ஒரு நிமிஷம் ஆற விட்டுட்டு அளந்து பாரு. நேரம் இருந்தா செல்லோட பிளஸ் மைனஸை மாத்தி இன்னொரு தடவை பேலன்ஸ் எடு, ரெண்டு புள்ளிக்கும் நடுவுல வர்றதை எழுது. ரெக்கார்டுல பழைய 51.4 ரீடிங்கையும் அடிக்காம விட்டுட்டு, ஸ்க்ரூ இறுக்கினதுக்கு முன்னாடி எடுத்ததுன்னு பக்கத்துல குறிச்சு வை, எண்ட் கரெக்‌ஷன் கணக்கையும் அதுக்குக் கீழயே போடு.